குதிரைவலுவை விட டயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

நடிகர் அஜித் குமார் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனதிலிருந்து நம் பிள்ளைகள் பலருக்குக் கார் பந்தயத்தில் ஆசை பிறந்திருக்கிறது. அதைத் தொழிலாகக் கொள்வது எப்படி என்று உங்கள் ஞாயிறு இதழ் எழுதியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க எஞ்சினும் காரின் விலையுந்தான். டூரிங் கார், அதாவது வீதியில் ஓடும் கார் மாதிரியைப் பந்தயத்துக்கு மாற்றியமைத்த கார், ஓட்டுபவரை உருவாக்கும் விஷயங்கள் அதில் வரவில்லை.

2015இல் தொடங்கிய டிசிஆர் என்ற டூரிங் கார் விதிப்படி ஓடும் கார்கள் 2 லீற்றர் டர்போ எஞ்சினும் ஏறத்தாழ 350 குதிரைவலுவும் கொண்டவை. முன்சக்கர இழுவை. இழுப்பதும் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கும் முன் டயர் இரண்டின் மேல்தான் விழும். முதல் சுற்றுகளிலேயே மூர்க்கமாக ஓட்டினால் அவை சூடேறிப் பிடி இழக்கும். கார் வளைவுக்கு வெளியே தள்ளும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவார், சூடு இன்னும் ஏறும், அதன் பின் அந்த டயர் மீளாது. தேர்ந்தவர் சற்று முன்னதாகவே பிரேக் பிடித்து, ஸ்டியரிங் நேரானதும் அக்ஸிலரேட்டரை முழுதாக மிதிப்பார். பின் டயரோ முதல் சுற்றில் குளிர்ந்தே கிடக்கும். வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தால் பாரம் முன்னே சாய, வால் சுழன்றுவிடும். டயரின் காற்றழுத்தத்தைக் கார் பாதையிலிருந்து உள்ளே வந்த உடனே, சூட்டோடு அளக்க வேண்டும். முன் டயரில் அழுத்தம் கூடுதலாக ஏறுவதால் புறப்படும்போது அதற்குக் குறைத்தே காற்று அடிப்பார்கள்.

கொழும்பின் ஈரக்காற்றில் பிரேக் எண்ணெயையும் கவனிக்க வேண்டும். டொட் 4 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து பெடல் தரைவரை போகும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் புது எண்ணெய் ஊற்றிக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுவது எஞ்சினுக்குச் செலவழிப்பதை விட மலிவு.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த ரேஸ் சீட் (பந்தய இருக்கை) தேடும் பெற்றோர், அதன் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தயச் சம்மேளனம்) முத்திரையைப் படிக்க வேண்டும். 8855-1999 என்ற தரத்தில் செய்த இருக்கைக்கு ஆயுள் 5 ஆண்டுதான். நிறம் மங்காமல் பளபளப்பதை நம்பி வாங்கக்கூடாது. ஒரு முறை கீழே விழுந்த ஹெல்மெட்டும் வேண்டாம்.

தொழில் என்ற வகையில் இது பொறுமைக்காரர்களுக்கு உரியது. ஃபோர்முலா 1இல் பின்வரிசை அணிகளில் தகுதிச் சுற்றைத் தாண்டவே போராடிய இத்தாலியர் கப்ரியேலே தர்கீனி, 1994இல் பிரிட்டிஷ் டூரிங் கார் பட்டத்தை வென்றார். 2009இல் 47 வயதில் உலக டூரிங் கார் சாம்பியன். 2018இல் 56 வயதில் டிசிஆர் உலகக் கிண்ணம். பிரிட்டிஷ் தொடரில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பந்தயங்கள் நடக்கும், முதலாவதில் முடித்த இடமே இரண்டாவதில் புறப்படும் இடம். காலையில் இடித்து ஒரு ஸ்டியரிங் கம்பியை வளைத்தால் அன்றைய நாளே போய்விடும். அதனால்தான் காரை முழுசாகக் கொண்டுவருபவரை அணிகள் விடுவதில்லை.

சம்பளம் பற்றியும் பெற்றோருக்கு உண்மை சொல்லப்பட வேண்டும். டிசிஆரில் தொழிற்சாலைகள் காரை அணிகளுக்கு விற்கின்றன; தாமே அணி நடத்துவதில்லை. ஆகவே சம்பளம் பெறும் ஓட்டுநர் சிலரே. பலர் அனுசரணைப் பணத்தோடுதான் அணிக்குள் நுழைகிறார்கள். மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தும், கார்களைச் சோதித்து ஓட்டியும் ஆண்டை ஓட்டுகிறார்கள்.

இங்கே தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லின் மண் பாதை வழுக்கும் காரை அடக்கக் கற்பிக்கும், தார்ப் பாதையில் டயரைக் காப்பாற்றக் கற்பிக்காது. அதற்கு முதலில் கார்ட்டிங் எனும் சிறு கார்ப் பந்தயம், பின்பு 3.7 கிலோமீற்றர் நீளமுள்ள சென்னை இருங்காட்டுக்கோட்டைப் பாதை. விமானத்தில் ஒன்றரை மணி நேரந்தான், பயிற்சியாளருடன் தமிழிலேயே பேசலாம். சொந்தக் காரை அங்கே கொண்டுபோகும் தொல்லையும் வேண்டாம். வாடகைக் காரிலேயே தொடங்கலாம்.

அடுத்த கட்டுரையில் ஒரு மெக்கானிக்கையும் டயர்களைக் கவனிப்பவரையும் பேட்டி காணுங்கள். ஒரு பருவத்துக்கு டயர், பிரேக், பதிவுக் கட்டணம், பயணம் எவ்வளவு ஆகிறது என்பதை ரூபாயில் வெளியிடுங்கள்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6