வரலாற்று விடையின் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் இந்த வாரம் வீட்டுக்கு வருகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும், மேல்நிலையில் வரலாற்றுப் பிரிவு எடுத்த பிள்ளைகளின் பெற்றோரும் மதிப்பெண்ணைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். விரிவான விடை ஒன்றின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் வாசித்துப் பாருங்கள். நடுவில் இருப்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். பாடத்தைப் படித்திருக்கிறார்கள், ஆண்டுகள் சரியாக இருக்கின்றன, துணைத்தலைப்புக்கு அடிக்கோடும் இருக்கிறது. சிக்கல் இரண்டு ஓரங்களிலும்தான்.

இந்த முறை கேட்ட கேள்விகளில் ஒன்று: “1806இல் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குப் புதிய ராணுவ விதிகள் மட்டுமே காரணமா? ஆராய்க.” இதற்கு வந்த முன்னுரைகளில் பல “பழம்பெருமை வாய்ந்த நம் பாரத நாடு” என்று தொடங்கின. சில, கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்ட 1600ஆம் ஆண்டிலிருந்து கதை சொல்லி, வேலூருக்கு வந்து சேரவே அரைப் பக்கம் எடுத்துக்கொண்டன. முடிவுரைகளில் பாதி “நாமும் நாட்டுக்காகப் பாடுபடுவோம்” என்று உறுதிமொழி எடுத்தன. தமிழ்ப் பொதுக்கட்டுரையில் பழகிய கை இது. பொன்மொழியோ கவிதை வரியோ போட்டுத் தொடங்கி, அறிவுரை சொல்லி முடிப்பது அங்கே பொருந்தலாம். வரலாற்றுத் தாளில் கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் வேண்டும்.

“மட்டுமே காரணமா” என்று கேட்டால், ஆம், இல்லை, ஓரளவு என்ற மூன்றில் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்தத் தேர்வு முதல் பத்தியிலேயே தெரிந்துவிட வேண்டும். எங்கள் வரலாற்று ஆசிரியர் வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதிய முன்னுரை இது:

“1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலப் படையினரைத் தாக்கினார்கள். சமயக் குறிகளையும் காதணிகளையும் தடுத்த விதிகளும் புதிய தலைப்பாகையும் அவர்களை உடனடியாகத் தூண்டின. ஆனால் அந்தக் கோபம் அரசியல் எழுச்சியாக மாறியதற்கு, திப்பு சுல்தானின் குடும்பம் அதே கோட்டையில் வைக்கப்பட்டிருந்ததும் காரணம்.”

மூன்றே வாக்கியம். எப்போது, எங்கே, யார் என்பது வந்துவிட்டது. பிள்ளையின் பதிலும் வந்துவிட்டது. அடுத்து என்னென்ன வரப்போகிறது என்பதும் திருத்துபவருக்குத் தெரிந்துவிட்டது: முதலில் தலைப்பாகையும் அதில் இருந்த தோல் சின்னமும், மே மாதத்தில் அதை அணிய மறுத்த சிப்பாய்களுக்கு விழுந்த கசையடி, பிறகு 1799இல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் வேலூருக்குக் கொண்டுவரப்பட்ட, அவர் மகன்களான இளவரசர்கள், கோட்டையில் ஏறிய மைசூர்க் கொடி. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியதை ஒரு வரியில் சொன்னால் போதும். கேள்வி காரணத்தைப் பற்றியது. ஆனால் பிள்ளைகளுக்குச் சண்டைக் காட்சி என்றால் அலாதி ஆசை, அங்கேயே ஒரு பக்கம் போய்விடுகிறது.

முடிவுரை இதைவிடக் கடினம். முன்னுரையில் சொன்னதையே “எனவே” போட்டுத் திரும்ப எழுதுவது ஒரு வகை. இதுவரை பேசாத ஒன்றைக் கடைசியில் திடீரென்று கொண்டுவருவது இன்னொரு வகை. “இதுவே இந்தியாவின் முதல் சுதந்திரப் போர்” என்று பலர் முடித்திருக்கிறார்கள். அது பெரிய வாதம், தனியாக ஒரு கட்டுரைக்கு உரியது. கடைசி வரியில் சான்று இல்லாமல் வீசிவிட்டுப் போகக் கூடாது. (ஒரு சிலர், அப்போது சென்னை கவர்னராக இருந்த பென்டிங்க்கின் பெயரைப் பார்த்ததும் சதி ஒழிப்பையும், அதாவது உடன்கட்டை ஏறுவதைத் தடை செய்ததையும், சேர்த்துவிட்டார்கள். ஆள் அவரேதான். ஆனால் அது 1829இல், அவர் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்த பிறகு நடந்தது.)

நல்ல முடிவுரைக்கு இந்தக் கேள்வியிலேயே அருமையான வழி இருக்கிறது. கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். புதிய உடை விதிகளைத் திரும்பப் பெற்றார்கள். தளபதி கிரேடக்கையும் சென்னை கவர்னர் பென்டிங்க்கையும் கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது. திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. அதாவது, விதிகள் தவறு என்று நடைமுறையில் ஒப்புக்கொண்டவர்களே இளவரசர்களைக் கண்டும் பயந்தார்கள். இரண்டு காரணமும் சேர்ந்தே வேலை செய்தன என்ற பதிலுக்கு இது வலு சேர்க்கிறது. ஒரு மாணவி எழுந்து, “இடம் மாற்றியதால் இளவரசர்கள் குற்றவாளிகள் என்று ஆகிவிடுமா சார்? கம்பெனி பயந்தது என்றுதானே தெரிகிறது?” என்று கேட்டாராம். அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதினால் முடிவுரை இன்னும் நேர்மையாக இருக்கும். ஆசிரியர் அறையில் அன்று முழுவதும் இதே பேச்சுதான்.

சரி, பொதுத்தேர்வில் விடைக்குறிப்பில் உள்ள கருத்துகளுக்குத்தானே மதிப்பெண், முன்னுரையை யார் பார்க்கிறார்கள் என்று சில பெற்றோர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். முன்னுரைக்காக எந்தக் கருத்தையும் விட்டுவிடச் சொல்லவில்லை. நான்கைந்து வரிக்குமேல் அது போகவும் வேண்டாம். ஆனால் பதிலை முதலிலேயே தீர்மானித்த பிள்ளை எந்தக் கருத்தை எழுதுவது, எதை விடுவது என்று தடுமாறாது, நேரமும் மிஞ்சும். தவிர, டிஎன்பிஎஸ்சி குரூப் 1, யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வுகளில் விரித்துத்தான் எழுத வேண்டும். அங்கே மனப்பாட முன்னுரை உதவாது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அதற்கு உங்களுக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பிள்ளை எழுத உட்காருவதற்கு முன், கேள்வியை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். “இதற்கு உன் பதில் என்ன?” என்று கேளுங்கள். வாயால் இரண்டு வாக்கியத்தில் சொல்லட்டும். சொல்ல வரவில்லையென்றால் இன்னும் எழுதத் தயாராகவில்லை, பாடத்தை மறுபடி புரட்டட்டும். சொல்லிவிட்டால் அதுவே முன்னுரை, அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு, “எதை வைத்து இப்படிச் சொல்கிறாய்?” என்று கேளுங்கள். அந்தப் பதிலில் இருக்கும் வலுவான சான்று முடிவுரைக்குப் போகட்டும். இப்படிப் பேசும்போது பதில் மாறிவிட்டால் முன்னுரையைத் திருத்துவதில் தவறே இல்லை. வீட்டுப் பயிற்சியில் முன்னுரைக்கு இடம் விட்டு, அதைக் கடைசியில் எழுதும் பிள்ளைகளும் உண்டு.

கைடில் இருக்கும் முன்னுரையை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், போனில் கேட்டு எடுத்து எழுதவும் விடாதீர்கள். எல்லாத் தாளிலும் ஒரே வரி வந்தால் திருத்துபவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

வரும் திங்கட்கிழமைக்குள் இதே வேலூர்க் கேள்விக்கு முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் புதிதாக எழுதி, விடைத்தாளோடு இணைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். நடுப்பகுதி வேண்டாம். இரண்டு பத்திக்கும் கீழே உங்கள் கையெழுத்து இருக்கட்டும். சந்தேகம் இருப்பவர்கள் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தன்று வரலாற்று ஆசிரியரைப் பார்க்கலாம். அன்று நானும் பள்ளியில் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்