கால்சியம் பாட்டில் வாங்கும் முன் ஆல்கலினிட்டியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பவளத்தொட்டி, அதாவது உப்புநீரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் தொட்டி, வைப்பது பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். விளக்கு, மீன், தொட்டியின் அளவு பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் பவளம் வளரக் கால்சியம் வேண்டும், வாரம் ஒருமுறை கால்சியம் திரவம் ஊற்றினால் போதும் என்று ஒரே வரியில் முடித்ததுதான் சரியாகப் படவில்லை. வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் ஆசையாகத் தொட்டி வைக்கிறவர்களுக்குக் கடையில் கிடைக்கும் யோசனையும் பெரும்பாலும் இதுதான், அதை நம்பிப் பணத்தையும் பவளத்தையும் சேர்த்து இழக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

பவளத்தின் எலும்பு கால்சியம் கார்பனேட். அதாவது தண்ணீரிலிருந்து கால்சியத்தை மட்டும் எடுத்து அது வளர முடியாது, கார்பனேட்டும் கூடவே வேண்டும், அந்தக் கார்பனேட் இருப்பைத்தான் ஆல்கலினிட்டி என்ற பெயரில் அளக்கிறோம். கடலில் கால்சியம் ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு), ஆல்கலினிட்டி 7 டிகேஎச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். தொட்டியில் பவளங்கள் 20 பிபிஎம் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஆல்கலினிட்டி 2.8 டிகேஎச் குறைந்துவிடுகிறது. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கால்சியம் 420-லிருந்து 400-க்கு வந்தால் டெஸ்ட் கிட்டில் அது தெரிவதே சந்தேகம், பல கிட்டுகளின் பிழையே அவ்வளவு இருக்கும். அதே நேரத்தில் ஆல்கலினிட்டி 8-லிருந்து 5.2-க்கு இறங்கியிருக்கும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி! ஆக, கால்சியம் நன்றாகத்தான் இருக்கிறது, பவளம் ஏன் சாகிறது என்று கேட்கிறவர்கள் தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடையில் விற்கும் கால்சியம் திரவம் பலவற்றில் இருப்பது கால்சியம் குளோரைடுதான். அதை ஊற்றினால் கால்சியம் 500-க்கு ஏறும், ஆல்கலினிட்டி இருந்த இடத்திலேயே கிடக்கும். மணல் மலையாகக் குவிந்திருக்க சிமெண்ட் தீர்ந்துபோன கட்டட வேலை மாதிரி. அப்புறம் பதறிப்போய் ஆல்கலினிட்டி பவுடரை ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் பால்போல வெளுத்து, கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து ஹீட்டரிலும் பம்பிலும் கல்லாகப் படியும், இரண்டு அளவும் சேர்ந்தே விழும். மெக்னீசியம் 1,280 முதல் 1,350 பிபிஎம் வரை இருந்தால் இப்படிப் படிவது குறையும், அதையும் மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

எதையும் ஊற்றுவதற்கு முன் உப்பின் அளவைப் பாருங்கள். ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டிய உப்பு 31 இருந்தால், 420 இருக்க வேண்டிய கால்சியம் 370 பக்கம்தான் காட்டும், அங்கே தேவை உப்பு, கால்சியம் இல்லை. தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர் கருவி விலை அதிகம் என்று மின்விசிறி வைத்துத் தொட்டியைக் குளிர வைப்பவர்கள் இங்கே நிறைய. தண்ணீர் தினமும் ஆவியாகும், உப்பு ஏறும். அந்தக் குறையை உப்புத் தண்ணீரால் நிரப்பக் கூடாது, நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். நம் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின் உண்டு, வாளியில் ஒரு நாள் வைத்தால் அது போய்விடாது, ஆர்ஓ வடிகட்டி வழியாக வந்த தண்ணீர்தான் வேண்டும்.

அந்த நிரப்பும் தண்ணீரிலேயே தெளிந்த சுண்ணாம்புநீரைக் கலப்பது நல்ல வழி. லிட்டருக்கு ஒன்றரை கிராம் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு போதும் (வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது), அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் இரவு நேரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கால்சியமும் ஆல்கலினிட்டியும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் திரும்பி வந்துவிடும். அதன் பிஎச் 12-க்கு மேல், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். பவளம் நிறைய இருக்கும் தொட்டிக்கு இது பற்றாது, கால்சியம் ஒரு பம்பிலும் ஆல்கலினிட்டிக்கான சமையல் சோடா இன்னொரு பம்பிலும் தனித்தனியாகப் போக வேண்டும். கல் போன்ற எலும்பு இல்லாத மென்பவளம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வாராவாரம் தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

எவ்வளவு ஊற்றுவது என்பதைப் பாட்டில் லேபிள் சொல்ல முடியாது, உங்கள் தொட்டிதான் சொல்லும். மூன்று நாள் எதுவும் சேர்க்காமல், தினமும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டியை அளந்து பாருங்கள், அதிலிருந்து ஒரு நாள் செலவு தெரியும். நூறு லிட்டர் தண்ணீரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் சமையல் சோடா போதும், அதற்கு ஈடான கால்சியத்துக்கு இரண்டரை கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஆல்கலினிட்டி 7.5 ஆக இருந்தாலும் 8.5 ஆக இருந்தாலும் பவளம் தாங்கும், இன்று 7 நாளை 10 என்று ஆடினால்தான் அக்ரோபோரா மாதிரிக் கிளைப் பவளங்களின் நுனி கருகி சதை உரிய ஆரம்பிக்கும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: கால்சியம் பாட்டிலை நீட்டுவதற்கு முன், ஆல்கலினிட்டி எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேளுங்கள், தெரியாது என்றால் முதலில் அந்த டெஸ்ட் கிட்டை விற்றுக் கொள்ளுங்கள். கட்டுரையாளரும் அடுத்த பகுதியில் இதைச் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தெம்பனிஸ்