அந்த விண்கல் எங்கள் வரப்பின்மேல் விழட்டும்: தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சென்னிமலைப் பக்கம் முப்பது ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். விண்கல்லை வைத்து ஒரு முழுநீள நகைச்சுவைப் படத்தைத் தமிழில் எடுக்க வேண்டும், அதன் கதை கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் நடக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நம் திரைக்கு விண்ணிலிருந்து கல் வராமல் இல்லை. 2018இல் வந்த ‘டிக் டிக் டிக்’ படத்தில் பூமியை நோக்கி வந்த சிறுகோளைத் தகர்க்க விண்வெளிக்கே ஆள் அனுப்பினார்கள். 2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’ படத்தில் விண்ணிலிருந்து வந்த ஒரு கல்லைத் தேடி வேற்றுக்கிரகவாசி வந்தார். ஆங்கிலத்தில் 1993ஆம் ஆண்டின் ‘மீட்டியர் மேன்’ ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கல்லின் வழியே அதிசய ஆற்றல் தந்தது. 2001ஆம் ஆண்டின் ‘எவல்யூஷன்’ அரிசோனா பாலைவனத்தில் விழுந்த கல்லிலிருந்து விதவிதமான உயிர்களைப் பெருக்கியது. 2021இல் வந்த ‘டோன்ட் லுக் அப்’ படத்தில் வருவது வால்நட்சத்திரம்தான் என்றாலும், இவை எல்லாவற்றிலும் அதையே நான் மேலாக மதிக்கிறேன். ஆபத்து வருகிறது என்று சொல்பவர்களை மற்ற மனிதர்கள் நடத்தும் விதத்திலிருந்தே அதில் சிரிப்பு பிறக்கிறது.

ஆனால், தரைக்கு வந்து சேரும் விண்கற்களில் பெரும்பாலானவை ஒரு கூடைக்குள் அடங்கிவிடும் அளவுடையவை. 1954 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சிலாகாகா என்ற ஊரில், ஏறக்குறைய நான்கு கிலோ எடையுள்ள கல் ஒன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து, வானொலிப் பெட்டியில் மோதித் தெறித்து, சோபாவில் படுத்துறங்கிக்கொண்டிருந்த பெண்மணியின் இடுப்பில் பட்டது. அவர் கன்றிய காயத்தோடு தப்பினார். அவர் குடியிருந்தது வாடகை வீடு. ஆகவே, கல் தனக்கே உரியது என்று வீட்டு உரிமையாளர் வழக்குக்குப் போனார். வழக்கு முடிந்து கல் குடியிருந்தவர்கள் கைக்கு வந்தபோது ஊராருடைய ஆர்வம் வடிந்து, வாங்க ஆளில்லாமல் போயிற்று. சில காலம் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த அந்தக் கல் கடைசியில் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இதே கல்லைக் காங்கேயம் பக்கம் இரண்டு பங்காளிகளின் காட்டுக்கு நடுவே உள்ள வரப்பின்மேல் விழவைத்துப் பாருங்கள். கிணற்றுப் பங்குக்கும் தடத்துக்கும் ஏற்கெனவே இருபது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரு குடும்பங்கள், கல்லின் எந்தப் பாதி யாருடைய எல்லைக்குள் கிடக்கிறது என்று அளக்க நில அளவையரை அழைக்கும் காட்சியை எழுத, எங்கள் ஊரில் வாழ்ந்தவருக்குக் கற்பனைகூடத் தேவைப்படாது. அதற்குள் யாரோ ஒருவர் சூடம் கொளுத்திவிடுவார். பிறகு கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியரும் வருவார்கள். இந்தியாவில் விழும் விண்கற்களைக் காக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையுடையது என்று தெரியவரும்போது, அதுவரை அடித்துக்கொண்ட பங்காளிகள் ஒரே கட்சியாகிவிடுவார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் 2008 செப்டம்பர் 12 அன்று நூறு கிலோவுக்கும் அதிகமான விண்கல் துண்டுகள் விழுந்ததால், இது நம் மண்ணில் நடக்காத கதை என்றும் யாரும் சொல்ல முடியாது.

கல் விழும் விதத்தை மட்டும் சரியாகக் காட்டுங்கள் என்பது ஆசிரியனாக என் வேண்டுகோள். விண்கல் தரைக்கு வந்த பின்னும் தீப்பிழம்பாக எரிவதாகக் காட்டிக் காட்டி அதையே பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். நொடிக்குப் பதினொரு கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழையும் கல்லின் மேற்பரப்பு உருகி ஒளிர்வது உண்மைதான். ஆயினும் சிறிய கற்கள் மிக உயரத்திலேயே அந்த வேகத்தை இழந்து, ஒளி அணைந்து, மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணக் கல்லைப்போலவே வந்து விழுகின்றன. மேலே மெல்லிய கரிய ஓடு இருக்கும், உள்ளே சூடு ஏறியிருக்காது. தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நிற்க, வைக்கோல் போரின்மேல் ஒரு புகையும் இல்லாமல் கல் கிடப்பது, எரியும் கல்லைவிட நல்ல காட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி கனமான கரிய கட்டி ஒன்றைத் துண்டில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதை விண்கல் என்றும், அதற்குள் இரிடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் இருக்கிறது என்றும், சோதனைச் செலவுக்கு இரண்டு லட்சம் கட்டினால் கோடிகளுக்கு விற்றுத் தருவதாகவும் வெளியூர் ஆள் ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்துக் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கினார்கள்; கோவையில் இன்றும் வார்ப்பு ஆலைகள் நிறைய உள்ளன. காட்டில் கிடைக்கும் இத்தகைய கட்டி அனேகமாக இரும்பு உருக்கும்போது ஒதுங்கும் கழிவான இரும்புக் கசடுதான் என்றும், அதிலுள்ள குமிழ்த் துளைகளே அதற்குச் சாட்சி என்றும் நான் விளக்கியதை அவர் நம்பவே ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. நான் ஒரு மாலையில் ஒருவருக்குச் சொன்னதை நீங்கள் ஒரு காட்சியில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட முடியும்.

2016இல் வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் ஒருவர் உயிரிழந்தபோது விண்கல்லே காரணம் என்று அறிவிக்கப்பட்டது. படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்கள் அது தரையில் நிகழ்ந்த வெடிப்பாகத் தோன்றுவதாகக் கூறினார்கள். அத்தகைய துயரத்தைச் சிரிப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

உடுமலைப் பக்கத்துக் கவுண்டமணியும், கோபிப் பக்கத்துப் பாக்யராஜும், சூலூர் மணிவண்ணனும் தமிழ்நாட்டையே சிரிக்கவைத்த பேச்சு எங்களுடையது. அதை ‘ஏனுங்க’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாமல், கோபித்துக்கொள்ளும்போதும் ‘வாங்க’, ‘போங்க’ என்றே சண்டையிடும் அந்த முறையோடு எழுதுங்கள்.

அந்த விவசாயி வேண்டாமென்று விட்டுப்போன கசடு இன்னமும் என் வீட்டு ஜன்னலோரம் இருக்கிறது. உங்கள் கலை இயக்குநர் எப்போது வந்தாலும் அதை எடுத்துக் கையில் தருவேன். உண்மையான விண்கல் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்குக் கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
சென்னிமலை வட்டாரம், ஈரோடு மாவட்டம்