பதினொரு பேர், இரண்டு வேன்: மகளுக்கு ஒரு கடிதம்

கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நானும் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். பன்னிரண்டு ராத்திரிக்கு எட்டு ஊர் போட்டிருக்கிறாய். நீயும் மாப்பிள்ளையும் மட்டும் வந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வருவது பதினொரு பேர். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி, அத்தைக்குச் சர்க்கரை, உன் சின்னவனுக்கு நாலு வயது. எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பதை இவர்களை வைத்து முடிவு செய். எட்டு ஊரை நாலாகக் குறைத்துவிடு.

முதல் இரண்டு ராத்திரி இங்கே எங்களோடு. பிறகு ட்வைசலில் நாலு, குவீன்ஸ்டவுன் பக்கம் ஐந்து, திரும்பும் வழியில் ஓமரூவில் ஒன்று. இங்கே வாடகை வீட்டைக் காலை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும்; அடுத்த வீட்டுச் சாவி மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பதினொரு பேரின் பெட்டி, பாத்திரம், ஃப்ரிட்ஜில் இருக்கும் பால், தயிர் எல்லாவற்றையும் பத்து மணிக்குள் வண்டியில் ஏற்ற வேண்டுமானால் ஆறு மணிக்கே எல்லோரையும் எழுப்ப வேண்டும். அப்படி எட்டு காலை வந்தால் விடுமுறை எங்கே இருக்கிறது?

மேப் காட்டும் நேரத்தை நம்பாதே. இங்கிருந்து ட்வைசல் சுமார் 285 கிலோமீட்டர், மூன்றே முக்கால் மணி நேரம் என்று காட்டும். உங்களுக்கு ஆறு மணி நேரம் ஆகும். பதினொரு பேர் இறங்கி, கழிப்பறை வரிசையில் நின்று, ஒருவர் காபி வாங்கி, ஒரு குழந்தையின் ஷூவைத் தேடி ஏறுவதற்குள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாற்பது நிமிடம் போய்விடும். ஜெரால்டைனிலும் ஃபேர்லியிலும் நிறுத்துங்கள். டெகாப்போ ஏரிக்கரையில் 1935-இல் கட்டிய கல் தேவாலயம் இருக்கிறது, அங்கே சாவகாசமாக இறங்கலாம். ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் மூன்று மணிக்கு வீட்டுச் சாவி கையில் இருக்கும்.

விமானம் இறங்கிய அன்று யாரும் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். ஏப்ரலில் இங்கே நேரம் ஊரைவிட ஆறரை மணி நேரம் முன்னால். இங்கே காலை ஏழு என்றால் உங்கள் உடம்புக்கு ராத்திரி பன்னிரண்டரை. சிங்கப்பூரிலிருந்தே கிட்டத்தட்டப் பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்திருப்பீர்கள். அதனால்தான் முதல் இரண்டு ராத்திரி இங்கே.

இப்போது வண்டி. பன்னிரண்டு சீட் வேன் ஒன்று எடுத்தால் எல்லோரும் ஒன்றாகப் போகலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். ஆசை சரிதான். ஆனால் பன்னிரண்டு சீட்டிலும் ஆள் உட்கார்ந்தால் பின்னால் பெட்டி வைக்க இடம் மிஞ்சாது. எட்டு சீட் வேன் இரண்டு எடுங்கள், ஆட்டோமேட்டிக். ஒன்றில் ஆறு பேர், இன்னொன்றில் ஐந்து பேர். எட்டு சீட் என்று எழுதியிருந்தாலும் பெட்டியோடு ஆறு பேருக்குத்தான் அது வசதி. இரண்டு வண்டி இருந்தால் சம்பந்திக்குக் களைப்பானதும் ஒன்று வீடு திரும்பலாம், பிள்ளைகள் மற்றதில் ஏரிக்கரையிலேயே இருக்கலாம். பெரிய குடும்பத்தில் நிம்மதி தருவது இந்த ஏற்பாடுதான்.

ஒவ்வொரு வேனுக்கும் இரண்டு ஓட்டுநர் பெயரை வாடகை ஒப்பந்தத்தில் எழுதச் சொல். ஒன்றுக்கு நீயும் மாப்பிள்ளையும், இன்னொன்றுக்கு உன் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும். பெயர் இல்லாதவர் ஐந்து நிமிடம் ஓட்டி இடித்தாலும் இன்சூரன்ஸ் கிடையாது. கிரெடிட் கார்டு முதல் ஓட்டுநர் பெயரிலேயே இருக்க வேண்டும். வண்டி இடிபட்டால் இன்சூரன்ஸ் போக நாம் கட்ட வேண்டிய பங்குத் தொகை எவ்வளவு என்று கேள். அதைக் குறைக்க நாளுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கேட்பார்கள், கட்டிவிடு. டீசல் வண்டி என்றால் ஓடிய கிலோமீட்டருக்குத் தனியாகச் சாலை வரி உண்டு, அது கடைசி பில்லில் வரும். இரண்டு வண்டியின் விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக் கணக்குப் போடு.

சாவி வாங்கும்போது வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொள். கண்ணாடியில் சின்னக் கல்லடி, சக்கர விளிம்பில் கீறல் எல்லாம் தெரியட்டும். டயர் பஞ்சர், கண்ணாடி உடைவு, காற்றில் கதவு பின்னால் மடங்கிக் கீல் வளைவது ஆகியவை இன்சூரன்ஸில் சேருமா என்று தனியாகக் கேட்க வேண்டும். இந்தக் கதவு விஷயம் இங்கே அடிக்கடி நடப்பது. டெகாப்போவும் ட்வைசலும் இருக்கும் மெக்கன்சி சமவெளியில் வடமேற்குக் காற்று அடிக்கும்போது, காற்று முதுகில் வருகிற மாதிரி நிறுத்தினால், திறந்த கதவைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்கட்டும், கதவைக் கையில் பிடித்தே திறக்கட்டும். பிள்ளைகள் தாங்களாகத் திறக்க வேண்டாம்.

குழந்தை சீட் விஷயத்தில் இங்கே சலுகை கிடையாது. ஏழு வயது முடியாத பிள்ளை அதற்குரிய சீட்டில்தான் உட்கார வேண்டும். மடியில் வைத்துக்கொள்வது சட்டவிரோதம். ஏழு முடிந்து எட்டு முடியாத பிள்ளைக்கும், வண்டியில் சீட் இருந்தால் அதில்தான் இடம். 148 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை, பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட் நல்லது என்பது இங்குள்ள பரிந்துரை. பதினைந்து வயதுக்குக் கீழே யார் பெல்ட் போடாவிட்டாலும் ஓட்டுநர்தான் பொறுப்பு. வாந்தி வரும் பிள்ளையைக் கடைசி வரிசையில் போடாதே, நடு வரிசையில் வை.

சாலையைப் பற்றிப் பயம் வேண்டாம். இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலது பக்கம். ஆனால் நம்மூர்ப் பழக்கம் சிலவற்றை விமானத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஹாரன் அடித்தால் திட்டுவதாக எடுத்துக்கொள்வார்கள். ஸ்டாப் பலகையில் மெதுவாக உருட்டிப் போகக் கூடாது, ஒரு வண்டி இல்லாவிட்டாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி. நம் பக்கத்தில் முழு மஞ்சள் கோடு இருந்தால் முந்தவே கூடாது. ஊருக்கு வெளியே பெரும்பாலும் 100 வரை போகலாம். அது உச்ச வரம்பு, கட்டாயம் இல்லை. வளைவுக்கு முன்னால் மஞ்சள் பலகையில் 35, 65 என்று எழுதியிருக்கும். ஆள் நிறைந்த வேனில் அந்த எண்ணை அப்படியே மதிக்கவும். பின்னால் வண்டி சேர்ந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழிவிடு.

ஒற்றை வழிப் பாலங்கள் வரும். பாலத்துக்கு முன்னால் இருக்கும் பலகையில், சிவப்பு வளையத்துக்குள் உன் பக்கத்து அம்பு சின்னதாய்ச் சிவப்பாக இருந்தால் நீ நிற்க வேண்டும். நீலப் பலகையில் உன் அம்பு பெரிதாய் வெள்ளையாக இருந்தால் எதிரில் வருகிறவர் நிற்பார். அப்போதும் அவர் நின்றுவிட்டாரா என்று பார்த்துத்தான் ஏற வேண்டும்.

புகாக்கி ஏரியின் நீலத்தைப் பார்த்ததும் எல்லோரும் "நிறுத்து நிறுத்து" என்பார்கள். சாலையில் நிறுத்தாதே. ஏரி நெடுகிலும் ஒதுங்குமிடங்கள் இருக்கின்றன. லிண்டிஸ் கணவாயில் போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. மேப்பை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வேனிலும் உள்ளூர் சிம் ஒன்று இருக்கட்டும். ஒன்றின் பின்னால் ஒன்றாக ஓட்ட முயல வேண்டாம். பின்னால் வருகிறவர் விட்டுவிடுவோமோ என்று முந்தப் பார்ப்பார். அடுத்த ஊர் எது, எங்கே சந்திப்பது என்று பேசிவைத்து அவரவர் வேகத்தில் வாருங்கள்.

ஏப்ரல் கடைசியில் மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும், காலையில் உறைபனி இருக்கும். ஒன்பதுக்கு முன் புறப்படாதே, நாலரைக்குள் வீடு சேர்ந்துவிடு. புனித வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு இரண்டு நாளும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஏப்ரல் 25, போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் தினத்தில் மதியம் ஒரு மணி வரை அப்படித்தான். பதினொரு பேருக்குப் பால் இல்லாமல் விடிந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

வீடு பிடிக்கும்போது "பன்னிரண்டு பேர் தூங்கலாம்" என்பதை நம்பி முன்பணம் கட்டாதே. அதில் சோபாவும் அடுக்குக் கட்டிலும் சேர்ந்திருக்கும். தரைத்தளத்தில் கட்டில் எத்தனை, கழிப்பறை எத்தனை, வெந்நீர் தொட்டி எவ்வளவு என்று எழுதிக் கேள். பல வீடுகளில் 180 லிட்டர் தொட்டிதான். வரிசையாகக் குளித்தால் ஐந்தாறு பேருக்குமேல் தாங்காது, மறுபடி சூடாகச் சில மணி நேரம் ஆகும். பிள்ளைகளை மாலையிலேயே குளிப்பாட்டிவிடு. ட்வைசலைச் சொன்னதற்குக் காரணம், 1968-இல் நீர்மின் திட்டத் தொழிலாளர்களுக்காகச் சமதரையில் உருவான ஊர் அது; சம்பந்தியம்மா ஏற்ற இறக்கம் இல்லாமல் நடக்கலாம். குவீன்ஸ்டவுனில் தெருக்கள் செங்குத்து, அதனால் ஃப்ராங்க்டன் பக்கம் பார்.

பெரிய குக்கர் ஒன்று கொண்டு வா, அடிப்பாகம் இண்டக்ஷனுக்கு ஏற்றதா என்று பார்த்து எடு. மின்சாரம் 230 வோல்ட்தான், மிக்ஸி ஓடும். பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். தாளிக்கும் முன் அடுப்புக்கு மேல் இருக்கும் மின்விசிறியைப் போட்டு ஜன்னலைத் திற. கடுகும் மிளகாயும் கிளப்பும் புகைக்கே அலாரம் அடிக்கும். சில மோட்டல்களில் அது நேராகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போகும், வீணாக வந்ததற்குப் பணம் நம்மிடம்தான் கேட்பார்கள்.

கறிவேப்பிலை, பழம், தேன், விதை எதுவும் கொண்டு வராதே. மற்ற எந்தச் சாப்பாட்டுப் பொருளாக இருந்தாலும், ஊறுகாய்ப் பாக்கெட் வரை, நாட்டுக்குள் நுழையும்போது தரும் படிவத்தில் "உண்டு" என்று சொல்லிவிடச் சொல். சொன்னால் பார்த்துவிட்டுத் தருவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் இங்கே இந்தியக் கடைகளில் வாங்கி வைக்கிறேன்.

பார்க்கிற இடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மவுண்ட் குக் ட்வைசலிலிருந்து 65 கிலோமீட்டர். கியா பாயிண்ட் பாதை போய்வர ஒரு மணி நேரம், பிள்ளைகள் நடப்பார்கள். ராத்திரி வானம் தெளிந்தால் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போ, 2012 முதல் இருள் வானத்துக்காகவே பாதுகாக்கப்பட்ட பகுதி அது. குவீன்ஸ்டவுனுக்கு க்ரோம்வெல் வழியாகப் போங்கள். இன்னொரு வழியான க்ரௌன் மலைச்சாலை 1,000 மீட்டருக்குமேல் ஏறும், கொண்டை ஊசி வளைவுகள், பிள்ளைகள் வயிறு தாங்காது. மில்ஃபோர்டுக்கு மட்டும் நீங்கள் ஓட்ட வேண்டாம். குவீன்ஸ்டவுனிலிருந்து ஒரு வழியே 290 கிலோமீட்டருக்கு அருகில், பஸ்ஸில் போனால் மாப்பிள்ளையும் மலையைப் பார்ப்பார். அத்தையும் சம்பந்தியும் அன்று வீட்டில் இருக்கட்டும்.

மருந்தை மூன்று மாதத்துக்கு மேற்படாமல், டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைக்கச் சொல். விபத்தில் அடிபட்டால் இங்குள்ள அரசு விபத்துக் காப்பீடான ஏசிசி சிகிச்சைச் செலவில் பெரும் பகுதியைப் பார்த்துக்கொள்ளும், வெளிநாட்டவருக்கும் உண்டு. நெஞ்சுவலி, காய்ச்சல் மாதிரி நோய்க்கு அது கிடையாது. பெரியவர்கள் மூவருக்கும் பழைய நோய்களையும் சேர்த்துப் பயண இன்சூரன்ஸ் எடு.

நம்மூர் லைசென்ஸ் அட்டை ஆங்கிலத்தில் இருப்பதால் சட்டப்படி அதுவே போதும். ஆனாலும் சில வாடகைக் கம்பெனிகள் சர்வதேச அனுமதியும் கேட்பதுண்டு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் 1,000 ரூபாய் கட்டினால் ஒரு வருடத்துக்குத் தருவார்கள், நாலு பேரும் வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் நாலு பேரின் வயது, உயரம், எடையை அளந்து இந்த வாரமே வாட்ஸ்அப்பில் அனுப்பு. சீட் எண்ணிக்கை தெரிந்தால்தான் வேனை நான் பதிவு செய்ய முடியும்.

அன்புடன்,
அப்பா