கொங்கு நாட்டு மெல்லிசைக் குழுவினருக்கு: அடுத்தவர் இசைக்கு ஆறு நிமிடம்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் வட்டாரங்களில் மெல்லிசைக் குழு நடத்தும் அண்ணன்மார்களுக்கும், அவர்களோடு மேடையேறும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கமுங்க.

பெர்னார்ட் ஹெர்மன் என்ற சினிமா இசையமைப்பாளரைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். 1911இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய கைவண்ணம் உங்களுக்குப் பழக்கம்தான். மேடையில் மிமிக்ரிக்காரர் பேய்க்கதை சொல்லிக் கத்தியை ஓங்கும்போது, கீபோர்டுக்காரர் ஸ்ட்ரிங்ஸ் டோனை உச்சத்தில் வைத்து ‘க்ரீச் க்ரீச்’ என்று இழுப்பாரே, அது 1960இல் வந்த ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் காட்சிக்கு ஹெர்மன் எழுதியது. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் சொல்லியிருந்தார். ஹெர்மன் கேட்கவில்லை. எழுதிக் காட்டினார், ஹிட்ச்காக் இறங்கி வந்தார். அந்தப் படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். ட்ரம்ஸ், ட்ரம்பெட், புல்லாங்குழல் எதுவும் கிடையாது.

சினிமா பேசுகிற எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். நான் அவருக்கு நன்றி சொல்ல நினைப்பது அவர் வானொலியில் பார்த்த வேலைக்காக.

1934இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் வேலைக்குச் சேர்ந்தார். ஒன்பது பத்து வருடத்தில் அந்த வானொலியின் சிம்பொனி இசைக்குழுவுக்கே தலைமை நடத்துநர் ஆனார். மாதச் சம்பளத்துக்கு ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா, எதிரே மைக், நாடு முழுக்க ரேடியோப் பெட்டிகள். நம்மில் ஒருவருக்கு இப்படி வாய்த்தால் என்ன செய்வோம் என்று நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஹிட்டுகளை வரிசையாக வாசித்துக் கைதட்டு வாங்குவோம். கொஞ்சம் துணிச்சல் இருந்தால் சொந்தச் சரக்கை இறக்குவோம். இந்த மனுசன் அடுத்தவர் எழுதியதைத் தேடித் தேடி எடுத்து வந்தார், அதுவும் யாரும் தொடாததை. ரஷ்யாவின் மியாஸ்கோவ்ஸ்கி எழுதிய 22வது சிம்பொனி (முழு ஆர்கெஸ்ட்ராவுக்கென்று எழுதுகிற நீண்ட இசைப்படைப்பு), இத்தாலியின் மலிப்பியேரோ எழுதிய 3வது சிம்பொனி, இங்கிலாந்தின் எட்மண்ட் ரப்ரா எழுதிய 3வது சிம்பொனி என்று 1940களில் அமெரிக்க வானொலி நேயர்களுக்கு முதன்முதலில் கேட்கக் கொடுத்தது அவர். இந்தப் பெயர்களைச் சொல்லவே நாக்கு சுளுக்குகிறது என்பீர்கள். அன்றைக்கு அமெரிக்கக்காரர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நிகழ்ச்சிக்கு விஷயம் பிடிப்பதிலும் ஆள் குறும்பு. பிழைப்புக்கு வேறு தொழில் பார்த்துக்கொண்டு இசை எழுதியவர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி, கிரீடம் வைத்த ராஜாக்கள் எழுதியவற்றுக்கு இன்னொன்று. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியெல்லாம் வந்து போயிருக்கிறார்! அதே வானொலியில் நாடகம் போட்டுக்கொண்டிருந்த ஆர்சன் வெல்ஸ் சினிமாவுக்குப் போனபோது இவரையும் கூட்டிப் போனார். அங்கே 1941இல் இவர் இசையில் ‘சிட்டிசன் கேன்’ படம் வந்தது. சினிமாவில் பெயர் வந்த பிறகும் ஹெர்மன் வானொலி வேலையை விடவில்லை.

அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும். சார்லஸ் ஐவ்ஸ். 1874இல் கனெக்டிகட் மாநிலத்து டான்பரியில் பிறந்தவர். நியூயார்க்கில் இன்சூரன்ஸ் ஏஜென்சி நடத்தி நன்றாகச் சம்பாதித்தார். தொழிலைப் பகலில் பார்த்துக்கொண்டு ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இசை எழுதினார். நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே புரியும். எழுதியதை யாரும் வாசிக்கவில்லை. 114 பாட்டுகளைச் சொந்தக் காசில் அச்சடித்து 1922இல் இலவசமாகவே விநியோகித்தார். அப்படியும் பெரிய அரங்குகள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச வருடத்தில் எழுதுவதையே விட்டுவிட்டார்.

ஐவ்ஸின் அப்பா ஜார்ஜ் ஒரு பேண்டு மாஸ்டர். இரண்டு பேண்டு செட்டை வெவ்வேறு பாட்டு வாசித்தபடி எதிரெதிரே நடக்கவிட்டு, கடக்கும்போது எப்படிக் கேட்கிறது என்று கவனிப்பாராம். மகன் அதைக் காகிதத்தில் எழுதினார். பாதி வாத்தியம் ஒரு சுருதியில், மீதி வேறு சுருதியில், தாளமும் வேறு வேறு. படித்த வாத்தியார்கள் இதைப் பிழை என்றார்கள்.

நமக்கு இதில் புதுசு என்னங்க இருக்கிறது? பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் திருவிழாச் சமயம் கடைவீதி முக்கில் ஒரு பத்து நிமிடம் நின்றால் போதும். தீர்த்தக்குடம் எடுத்து வருகிறவர்களுக்கு முன்னால் ஜமாப் செட். எதிர்த் தெருவிலிருந்து நாதஸ்வரம் தவில். மேலே கம்பத்தில் கட்டிய குழாயில் எல்.ஆர். ஈஸ்வரி. முதலில் மூன்றும் தனித்தனியாகத்தான் கேட்கும். கிட்ட வர வர ஜமாப்பின் அடி தவிலின் அடி மேல் ஏறும். எங்கோ ஒரு இடத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே அடியாக விழும், அடுத்த நொடியே பிரிந்துவிடும். நாதஸ்வரக்காரர் தன் சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி வாசித்துக்கொண்டே போவார். ஐவ்ஸை முதலில் கேட்டபோது எனக்கு அந்த முக்குதான் நினைவுக்கு வந்தது. வெளிநாட்டு இசைக் கல்லூரியில் பாடமாக நடத்துவதை நாம் சாமி கும்பிடப் போகிற வழியில் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

இந்த ஐவ்ஸை ஹெர்மன் தன் இருபது வயதுகளிலேயே கண்டுகொண்டார். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத காலத்தில் அவர் இசையை வாசிக்க வைத்தார், வானொலியில் போட்டார், பார்த்தவர்களிடமெல்லாம் பேசினார். முதல் உலகப் போருக்கு முன்பே எழுதத் தொடங்கிய ஐவ்ஸின் 3வது சிம்பொனி 1946இல்தான் மேடையேறியது. அதை நடத்தியவர் லூ ஹாரிசன். அதை வானொலியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் ஹெர்மனும் உண்டு. அந்தச் சிம்பொனிக்கு 1947இல் அமெரிக்காவின் பெரிய விருதான புலிட்சர் பரிசு வந்தது, ஐவ்ஸுக்கு அப்போது வயது 72. ஹெர்மன் அத்தோடு கணக்கை முடித்துக்கொள்ளவில்லை. 1972இல், தன் அறுபதாவது வயதில், லண்டன் சிம்பொனி இசைக்குழுவை வைத்து ஐவ்ஸின் 2வது சிம்பொனியை இசைத்தட்டாகப் பதிவு செய்தார். ஐவ்ஸ் இறந்தே அப்போது பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் ஹெர்மனுக்கு ஆதாயம் ஒன்றும் இல்லை. சொந்தமாக எழுதிய ஆபெரா (பாட்டாகவே நடக்கும் நாடகம்) ஒன்றை அவர் கைக்காசு போட்டுப் பதிவு செய்து வைத்திருந்தார், சாகும்வரை அது மேடையேறவில்லை. தன் பொருள் பெட்டிக்குள் கிடக்க அடுத்தவர் பொருளைக் கூவி விற்க ஒரு மனசு வேண்டுமல்லவா. (ஆள் தங்கம் என்று சொல்ல மாட்டேன். முன்கோபி. வாயால் சண்டை இழுத்துப் பல நட்புகளைக் கெடுத்துக்கொண்டவர். உங்கள் குழுவில் இருந்திருந்தால் முதல் கச்சேரியிலேயே மைக் செட்காரரோடு தகராறு வந்திருக்கும்.)

‘அதெல்லாம் நம்ம சனத்துக்கு ஏறாதுங்க’ என்று உங்களில் ஒருவர் இந்நேரம் சொல்லியிருப்பார். அவருக்கு ஒரு தகவல். ஹெர்மன் 1930களின் நடுவில், இருபத்தைந்து வயதுக்குள், தந்தி வாத்தியங்களுக்கென்று ஒரு சின்ன சிம்பொனி எழுதினார். காதைக் கீறுகிற நவீன இசை. அதிலிருந்து சில பகுதிகளை எடுத்துத்தான் பின்னால் ‘சைக்கோ’வில் வைத்தார். தியேட்டரில் அதைக் கேட்டவர்கள் யாரும் புரியவில்லை என்று எழுந்து வரவில்லை, பயந்து உட்கார்ந்திருந்தார்கள். நம்ம ஊர்ப் பேய்ப்படங்களின் ரீரெக்கார்டிங்கையும் ஒருமுறை படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். ராகமும் இல்லாமல் தாளமும் இல்லாமல் எவ்வளவு ஓடுகிறது என்று தெரியும். சத்தியமங்கலத்துப் பாட்டியும் அதைக் கேட்டுத்தான் பேரனின் கையைப் பிடிக்கிறார்.

இளையராஜா 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக் (Bach) என்பவருக்கும் காணிக்கையாக ஓர் இசைத்தொகுப்பு கொடுத்தார். 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. இங்கே நாமும் பட்டாசு வெடிக்காத குறையாகக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த மாதம் ராஜா பாட்டு வைத்த கச்சேரிகளில் ஒன்றிலாவது, ‘இவர் சிம்பொனி எழுதியிருக்கிறார், சிம்பொனி என்றால் இப்படித்தான் இருக்கும்’ என்று மைக்கில் சொல்லி இரண்டு நிமிடம் வாசித்துக் காட்டினார்களா? நான் போன இடங்களில் இல்லை. வாசிக்கத் தெரியாமல் இல்லை. கோவையில் மேற்கத்திய இசைக்கான கிரேடு தேர்வு எழுதி, ஐந்து கோட்டு நோட்ஸைச் செய்தித்தாள் மாதிரிப் படிக்கிற பிள்ளைகள் உங்கள் குழுக்களில் இருக்கிறார்கள். அவர்களை மைனஸ் ட்ராக்குக்கு (பாடகர் குரல் இல்லாத பதிவுக்கு) மேல் நாலு விரலில் கார்டு (chord) பிடிக்க வைத்திருக்கிறோம்.

நான் கேட்பது ஒரு கச்சேரிக்கு ஆறு நிமிடம். ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறும் முன் எப்படியும் அரை மணி நேரம் இன்ஸ்ட்ருமென்டல் ஓட்டுகிறீர்கள். பாதிச் சனம் பந்தியில் இருக்கும், மீதி மொய் மேசையைச் சுற்றி நிற்கும். எதை வாசித்தாலும் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. அங்கே தொடங்கலாம்.

எதை வாசிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். ஐவ்ஸ் 1908வாக்கில் எழுதிய ‘விடை கிடைக்காத கேள்வி’. தந்தி வாத்தியங்கள் அடியில் மிக மெதுவாக, மிகச் சன்னமாக, ஒன்றையும் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் டோன் போட்டு ஒருவரே பிடித்துவிடலாம். அதற்கு மேல் ஒரு ட்ரம்பெட் ஒரே கேள்வியை ஏழு முறை கேட்கும். நாலு புல்லாங்குழல்கள் பதில் சொல்ல வரும். முதல் பதில் அமைதியாக இருக்கும், போகப்போகக் கடுப்பாகி ஆறாவது பதிலில் கத்தியே விடும். ஏழாவது கேள்விக்கு யாரும் வாயைத் திறப்பதில்லை. உங்களிடம் புல்லாங்குழல் ஒன்றுதான் இருக்கும், மற்ற மூன்றையும் இரண்டாவது கீபோர்டுக்குக் கொடுங்கள். ரிதம் பேட்காரருக்கு ஆறு நிமிடம் டீ. கல்யாண வீட்டில் விடையில்லாத கேள்வி எதற்கு என்று பெண் வீட்டார் முகம் சுளித்தால், தலைப்பை விட்டுவிட்டு எழுதியவர் பெயரை மட்டும் மைக்கில் சொல்லுங்கள். பெயரைக் கட்டாயம் சொல்ல வேணுமுங்க.

இது நாலு மேடையில் ஓடிவிட்டால், அடுத்த ஆறு நிமிடத்தை உங்கள் குழுவிலேயே இருக்கிற ஒருவருக்குக் கொடுங்கள். பகலில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, ராத்திரி லேப்டாப்பில் எதையோ அடுக்கி பென் டிரைவில் போட்டு வைத்திருப்பார். கேட்டால் ‘சும்மாங்ணா’ என்பார். அதை வாங்கிக் கேட்டுப் பாருங்கள். பிடிக்காமல் போகலாம், சுமாராகவும் இருக்கலாம். ஹெர்மன் ஒலிபரப்பியது எல்லாமும் நின்று நிலைத்ததா என்ன? அதற்காக அவர் கேட்காமல் தூக்கிப் போடவில்லை.

உரிமைத்தொகை பற்றிய பயம் வேண்டாம். ஐவ்ஸ் 1954இல் இறந்தார். எழுதியவர் இறந்த பிறகு நம் நாட்டுச் சட்டம் 60 ஆண்டுதான் கணக்கு வைத்திருக்கிறது. நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொரு செட் கொடுப்பது என் செலவு. ட்ரம்பெட்காரரை மட்டும் நீங்கள்தான் பிடிக்க வேண்டும். இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு பேரையும் பங்குனி முடியும்வரை பேண்டு செட்காரர்கள் அட்வான்ஸ் கொடுத்து அமுக்கிவிட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் கச்சேரிகளின் கடைசி வரிசை ரசிகன்,
பல்லடம்