பிடித்த மீனை ஏன் விட்டேன் என்று கேட்டீர்களே, சித்தப்பா

ஸ்காபரோ, கனடா,
ஜூலை மாதம்

அன்புள்ள சித்தப்பா,

சுகமாக இருக்கிறீர்களா, சித்தியின் முழங்கால் நோ இப்போது எப்படி? நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு "இவ்வளவு வடிவான மீனைத் திரும்பத் தண்ணிக்குள்ள விட்டிட்டியோ" என்று கேட்டிருந்தீர்கள். போனில் இரண்டு வசனத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை, அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

அது லார்ஜ்மவுத் பாஸ். பார்த்தால் கொடுவாவின் சாயல் கொஞ்சம் இருக்கும், ஆனால் அது வேறு குடும்பம், நன்னீர் மீன். பிடித்த இடம் ஸ்கூகொக் ஏரி, இங்கிருந்து காரில் ஒரு மணித்தியாலம் மட்டில். ஆழம் குறைந்த ஏரி, கோடையில் பாசியும் அல்லி இலையும் மண்டிக் கிடக்கும், அந்த இலைகளுக்குக் கீழே நிழலில்தான் இது பதுங்கி நிற்கும். பச்சை உடம்பு, பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு, வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் போயிருக்கும். சிம்கோ ஏரிக்குப் போனால் தெளிந்த தண்ணீர், கல்லுத் தரை, அங்கே ஸ்மால்மவுத் என்ற இன்னொரு வகைப் பாஸ் கனக்க. வெண்கல நிறம், சிவந்த கண். தூண்டிலில் மாட்டினால் தண்ணீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறுகிற உதறலில் கை விறைத்துவிடும். எனக்கு அதுதான் பிடித்த மீன்.

ஆனால் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது படகு இறக்குகிற துறையில் பின்னேரம் கூடுகிற சனத்தைப் பற்றி. போலந்துக் கிழவர், பிலிப்பைன்ஸ் குடும்பங்கள், நம்மட பெடியள் என்று முகம் தெரியாத ஆட்கள் எல்லாரும் போனை நீட்டி அன்றைக்குப் பிடித்ததைக் காட்டுவார்கள். என்ன இரை, எத்தனை அடி ஆழம், காற்று எந்தப் பக்கம் அடித்தது எல்லாம் ஒளிக்காமல் வரும், சரியான இடத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். போன சனிக்கிழமை ஒருவர் 20 அங்குல ஸ்மால்மவுத்தை அளவுப் பலகையில் வைத்து எடுத்த படத்தைக் காட்டினார், நன்னீர் இறால் நிறத்தில் ஒரு ரப்பர் இரையைக் கல்லுக்கு மேலே மெல்ல இழுத்தாராம். ஒரு சின்னப் பொடியன் தன் முழங்கையளவு லார்ஜ்மவுத்தைப் பிடித்துவிட்டு வாய் ஓயாமல் கதைத்தான், எல்லாரும் நின்று கேட்டார்கள். நானும் என் முறைக்குச் சொன்னேன்: ஈயம் கட்டாமல் ரப்பர்ப் புழுவை விட்டால் அது தானாகத் தாழும், கையில் ஒரு தட்டும் தெரியாது, தங்கூசி நூல் மட்டும் சத்தமில்லாமல் பக்கத்துக்கு நகரும், அந்த நேரம் இழுக்க வேண்டும். வந்த புதிதில் ஒருவரோடும் கதைக்காமல் இருந்த எனக்கு இந்தத் துறையில்தான் சிநேகிதர்கள் கிடைத்தார்கள்.

சரி, ஏன் விட்டேன்? இங்கே கோடை குறுகியது, மீன் மெல்லத்தான் வளரும், ஐந்து இறாத்தல் பாஸ் என்றால் அது பத்து வயதையும் தாண்டியிருக்கலாம். உலகச் சாதனை 22 இறாத்தல் 4 அவுன்ஸ், 1932இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் பிடித்தது, 2009இல் ஜப்பானின் பிவா ஏரியிலும் அதற்குச் சமனாக ஒன்று பிடிபட்டது. ஆனால் எங்கள் ஏரிகளில் ஐந்து இறாத்தலே பெரிய கதை. அப்படி ஒன்றைத் தின்று முடித்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வர எத்தனை வருடம் போகும்.

இன்னொன்று, வசந்தத்தில் ஆண் மீன்தான் கூடு கட்டி முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும், நம்மூர் விரால் குஞ்சுகளோடு திரிகிற மாதிரி. அதைத் தூக்கிவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே மற்ற மீன்கள் வந்து கூட்டைத் துடைத்துவிடும். அதனால்தான் எங்கள் பக்கம் ஜூன் பிற்பகுதி வரை பாஸ் பிடிக்கத் தடை. லைசென்ஸ் இரண்டு வகை, ஒன்றில் ஒரு நாளைக்கு ஆறு பாஸ் வைத்திருக்கலாம், விலை குறைந்ததில் இரண்டு. எந்த ஏரி மீனை மாதத்தில் எத்தனை தடவை சாப்பிடலாம் என்றுகூட மாகாண அரசு ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது, பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால். பொரிக்க நாங்கள் மஞ்சள் பேர்ச் என்ற சின்ன மீனைக் கொண்டுவருவோம், அதன் ருசியே தனி.

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் தூண்டில் போடுகிறவனுக்கு அது இரவுக் கறி, அவனிடம் போய் விடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சின்னக் கண் வலையால் குஞ்சுகளையும் அள்ளுகிறார்கள் என்று நீங்கள் கவலைப்பட்டது இங்கே வந்த பிறகு எனக்கு இன்னும் உறைக்கிறது. அதை மீனவர் சங்கத்தில் விடாமல் கதையுங்கோ.

நல்லூர்த் திருவிழாவுக்கு அத்தான் வரும்போது இரண்டு ரப்பர்த் தவளைகள் தந்துவிடுகிறேன். விரால் நன்றாக அடிக்கும். குளத்துச் சங்கத்திடம் கேட்டுக்கொண்டு, காலையில் வெயில் ஏற முன்னம், இலைகளுக்கு மேலே எறிந்து விட்டுவிட்டு மெல்ல இழுங்கோ. அடித்தவுடன் இழுக்க வேண்டாம், தவளை வாய்க்குள் போய்த் தங்கூசி இறுகின பிறகு இழுங்கோ. பிடித்தால் படம் அனுப்புங்கோ, துறையில் எல்லாருக்கும் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்