நீட்சிகளோடு அவை கேட்கும் அனுமதிகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய உலாவிகளில் கூடுதல் வசதிக்காகச் சேர்த்துக்கொள்ளத்தக்க சிறு நிரல்களான நீட்சிகளைப் (extensions) பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் குறிப்புகளை விடாமல் படித்து வருகிறேன். ஒரு நீட்சி என்ன செய்யும் என்பது அவற்றில் தெளிவாக எழுதப்படுகிறது. நிறுவும்போது அது என்னென்ன அனுமதிகளைக் கேட்கும் என்பது மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

நீட்சிகளால் தமிழ் வாசகர் அடைந்த பயன் சிறிதன்று. நாளிதழ்கள் தத்தமக்கெனத் தனி எழுத்துருக் குறியாக்கம் வைத்திருந்த நாள்களில், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் செய்திக்குப் பதிலாகப் புரியாத குறிகளே தெரியும். அவற்றை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறித் (யூனிகோட்) தமிழாக மாற்றிக் காட்டியது ஃபயர்பாக்ஸ் உலாவிக்கான ‘பத்மா’ என்னும் நீட்சி. இன்று யுபிளாக் ஆரிஜின் போன்ற விளம்பரத் தடுப்பி ஒன்றைச் சேர்த்தாலே பழைய கணினியிலும் பக்கங்கள் விரைந்து திறக்கின்றன. (விளம்பர வருவாயை நம்பியிருக்கும் நாளிதழுக்கு இதை எழுதுவது சற்றுச் சங்கடம்தான்.)

ஆனால், ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்ற அனுமதியைப் பெற்ற நீட்சிக்கு, நாம் திறக்கும் வங்கிப் பக்கமும் மின்னஞ்சலும், படிவத்தில் தட்டச்சு செய்யும் ஆதார் எண்ணும் எட்டக்கூடியவையே. விளம்பரத் தடுப்பிக்கு அந்த அனுமதி தேவைப்படுவதில் நியாயம் உண்டு. தள்ளுபடிக் கூப்பன் காட்டுவதற்கும் புதிய தாவலில் (tab) கடிகாரம் வைப்பதற்கும் அது எதற்கு? எங்கள் ஊர்ப் பக்கம் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கச் செல்லும் கடைகளில், யார் எப்போது சேர்த்தார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாத நீட்சிகள் உலாவியில் வரிசையாக நிற்பதைப் பார்க்கிறேன்.

நிறுவும்போது நம்பத்தக்கதாக இருந்தது பின்னரும் அப்படியே இருக்கும் என்பதற்கில்லை. பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்திய ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்னும் குரோம் நீட்சியைச் சுமார் 20 லட்சம் பேர் வைத்திருந்தனர். அதை உருவாக்கியவர் 2020ஆம் ஆண்டில் வேறொரு தரப்புக்கு விற்றுவிட, 2021 பிப்ரவரியில் தீங்குநிரல் உள்ளதென்று கூகுளே அதை நீக்கியது. நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்பவை என்பதால், கைமாறிய செய்தி பயனர்களில் பலருக்கு எட்டவே இல்லை.

குரோமில் இதற்கு ஓரளவு காப்பு உண்டு. முகவரிப் பட்டையின் அருகில் உள்ள புதிர்த்துண்டுச் சின்னத்தின் வழியே நீட்சியின் விவரப் பக்கத்துக்குச் சென்றால், அந்த நீட்சி எல்லாத் தளங்களிலும் இயங்க வேண்டுமா, குறிப்பிட்ட தளங்களில் மட்டுமா, அல்லது நாம் சொடுக்கும்போது மட்டுமா என்று வரையறுத்துவிடலாம். நீட்சிகளைப் போலவே எச்சரிக்கை தேவைப்படும் இன்னொன்றும் உண்டு: இணையப் பக்கங்களில் அசைபடங்களையும் காணொளிகளையும் இயக்க உதவிய ஃபிளாஷ் போன்ற பழைய செருகுநிரல்களின் (plugins) காலம் 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டதால், ‘ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பிக்கவும்’ என்று இன்று ஒரு பக்கம் கேட்டால் அதை மோசடி என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே, இனி ஒரு நீட்சியைப் பரிந்துரைக்கும்போது, அதைப் பராமரிப்பவர் யார், அது எந்த அனுமதிகளைக் கேட்கிறது, அவற்றுள் எதைக் குறைத்துக்கொள்ளலாம் என்னும் விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் முன்பு பரிந்துரைத்த நீட்சி ஒன்று கைமாறினாலோ நீக்கப்பட்டாலோ, அச்செய்தியும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்.